ஒரே பால், இரண்டு சீசா

இன்று காலை என் மருமகள் பாரதி ஒரு வெள்ளிப் பையைக் கத்தரித்து, அதிலிருந்த பால்மாவை இளஞ்சூட்டு நீரில் கரைத்தாள். அந்த வாசனை எழுந்ததும் நீங்கள் என் நினைவுக்கு வந்துவிட்டீர்கள்.

பாரதி ஓசூரில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் சிறிய சோதனைக்கூடம் நடத்துகிறாள். கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழக்கூழ் வரும், ராயக்கோட்டையிலிருந்து தக்காளி வரும், சுற்றுவட்டாரத்துப் பால் வரும். நான் மாடியில் இருக்கிறவன். காலையில் இறங்கிவந்து ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். "எதையும் தொடாதீங்க மாமா" என்பதுதான் அவள் எனக்குச் சொல்லும் காலை வணக்கம்.

அந்தப் பை வெளிநாட்டிலிருந்து வந்தது. அதன்மேல் பெயர் இல்லை, எண் மட்டும் இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"புரொபிஷியன்சி டெஸ்டிங் மாமா. ஒரே மாவை நாடு நாடா நூத்துக்கணக்கான லேபுக்கு அனுப்புவாங்க. உள்ள என்னென்ன எவ்வளவு இருக்குன்னு நமக்குச் சொல்ல மாட்டாங்க. நாம சோதிச்சு நம்பரை அனுப்பணும். எல்லார் நம்பரையும் பக்கத்துல வச்சு, நம்ம நம்பர் எங்க நிக்குதுன்னு சொல்வாங்க. முன்னாடி ஒண்ணு ரெண்டு கம்பெனிதான் இதைப் பண்ணாங்க. இப்ப உலகம் பூரா பெரிய வியாபாரமா வளந்துடுச்சு. இது இல்லாம ஏற்றுமதிக்காரங்க நம்ம சர்டிபிகேட்டைக் கையால கூடத் தொட மாட்டாங்க."

"இதை நாங்க ரெண்டே பேர் கலர் சீசாவுல செஞ்சோம்" என்றேன்.

"சரிங்க மாமா" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரைத்த பாலில் முதல் வேலையாக ஒரு வெப்பமானியை இறக்கினாள். அதைப் பார்த்ததும் எழுந்து மாடிக்கு வந்துவிட்டேன். தொண்ணூறு வயதைத் தாண்டியவன் கோபித்துக்கொண்டு படியேறினால் யாரும் கவனிப்பதில்லை. மூட்டுவலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

உங்களை முதலில் பார்த்த நாளில் எனக்கு உங்களைப் பிடிக்கவில்லை. அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் எங்கள் பால் சங்கத்தின் கொட்டகை இருந்தது. விடிகிற நேரத்தில் ஜனங்கள் செம்பும் குடமுமாக வந்து வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் நான் லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு எண்ணைப் பார்த்து எழுதுவேன். அடியில் குண்டும் மேலே மெல்லிய கழுத்தும் உள்ள கண்ணாடிக் கருவி அது. பால் கெட்டியாக இருந்தால் உயர்ந்து நிற்கும், தண்ணீர் சேர்ந்தால் தாழும். ஊரார் அதைக் 'கண்ணாடி' என்றார்கள். சேர்ந்த பால் லாரி ஏறி எல்லை தாண்டி பெங்களூர்ப் பக்கத்து டிப்போவுக்குப் போகும். அங்கே சோதிக்கிறவர் நீங்கள். பி.எஸ்ஸி. படித்தவர். நான் எட்டாவதோடு நின்றவன். கருவியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு நானே படித்துக் கற்றேன். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதை இன்றைக்கும் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நீங்கள் ஒருநாள் அந்த லாரியிலேயே வந்து இறங்கினீர்கள். கையில் என் சீட்டுகள். கன்னடம் கலந்த உங்கள் தமிழில் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'ரீ' தொங்கும்.

"எல்லா ஊர்லயும் பாலை ஒசத்தி எழுதி அனுப்பறாங்க. நீங்க ஒருத்தர்தான் எறக்கி எழுதறீங்க. உங்க பால் நீங்க சொல்றதைவிட நல்லா இருக்குது ரீ. என்னா சமாச்சாரம்?"

"நான் கண்டிப்பானவன்" என்றேன்.

"கண்டிப்பு மனுஷங்ககிட்ட. எண்ணுல எதுக்கு?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. குற்றம் சொல்லத்தான் வந்திருக்கிறீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் குற்றம் சொல்லவில்லை. ஒரு யோசனை சொன்னீர்கள். ஒருவர் பாலை இரண்டு சீசாவில் ஊற்றி, தக்கை அடித்து, மெழுகு வைத்து, எண் மட்டும் எழுதுவது. ஒன்றை நான் சோதிக்க வேண்டும், மற்றொன்று காலை பஸ்ஸில் உங்களிடம் வர வேண்டும். என் எண்ணை ஓர் உறையில் வைத்து ஒட்டி அனுப்ப வேண்டும். உங்கள் எண்ணை எழுதி முடித்த பிறகுதான் நீங்கள் என் உறையைப் பிரிப்பீர்கள். பிரித்ததும் இரண்டு எண்களையும் எழுதி மாலை பஸ்ஸில் எனக்கு அனுப்புவீர்கள்.

"ரெண்டும் வேறயா வந்தா? யார் சரின்னு யார் சொல்றது?" என்று கேட்டேன்.

"யார் சரின்னு பாக்க இல்ல ரீ. எங்க பிரியுதுன்னு பாக்க."

இந்த வாக்கியத்தின் அருமை எனக்கு அன்று தெரியவில்லை. என்னைச் சோதிக்க நாசூக்காக வழி தேடுகிறீர்கள் என்றே நினைத்தேன். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். மறுத்தால் பயந்துவிட்டேன் என்று நினைப்பீர்களே.

ஓசூரில் ஒரு சோடாக்கடைக்காரரிடம் நீண்ட கழுத்துள்ள கலர் சீசாக்களை வாங்கினேன். கண்டக்டர் அவற்றைத் தன் இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வார். "என்னா டெஸ்டரே, பெங்களூருல மருமவன் இருக்காரா, தினமும் பால் அனுப்பறீங்க?" என்று கேலி செய்வார். அப்போது நாங்கள் சென்னை ராஜ்யம், நீங்கள் மைசூர் ராஜ்யம். சோதனைச் சாவடியில் மூட்டைகளைக் குத்திப் பார்ப்பார்கள். அந்தச் சீசாவை ஒருநாளும் யாரும் தொட்டதில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு சீசாவில் எண்கள் பிரிந்தன. மாலை பஸ்ஸில் உங்கள் கடிதம் வந்தது. "உங்கள் எண் சரி. நான் சீசாவைக் குலுக்காமல் மேலே ஏறி நின்ற ஆடைப்பாலை ஊற்றிப் பார்த்துவிட்டேன். பிழை என்னுடையது. இதைச் சங்கத்தில் படித்துக் காட்டவும்." கீழே முழுக் கையெழுத்து. அதே கடிதத்தின் நகலை உங்கள் டிப்போ பலகையிலும் ஒட்டினீர்கள். அதற்காக மேலதிகாரி உங்களைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார் என்பது பிறகு லாரி டிரைவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாரம் முழுக்க வரிசையில் நின்றவர்களுக்கு அதை உரக்கப் படித்துக் காட்டினேன். "பி.எஸ்ஸி. படிச்சவரு குலுக்க மறந்துட்டாரு" என்று கடைசியில் நானாக ஒரு வரி சேர்த்தேன். ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் திம்மப்பா என்ற குடியானவர், எதற்கெடுத்தாலும் கேலி பேசுகிறவர், அன்று மட்டும் சிரிக்காமல் சொன்னார்: "தப்பைத் தானே எழுதி அனுப்பறான் பாரு. அந்த ஆளு சொல்ற நம்பரை நம்பலாம்." அது எனக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

நாகம்மாவின் வீடு எங்கள் கொட்டகைக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கம். கணவர் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை. அவர் மாதத்துக்கு ஒருமுறை வருவார். இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு நாகம்மாதான் வீட்டை நடத்தினார். தினமும் வரிசையில் முதல் ஆள். கறந்த கையோடு செம்பைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினால் போதும். அவர் பால் முதலிலிருந்தே என் கண்ணாடியில் தாழ்ந்தே நின்றது. அந்த மார்கழியில் இன்னும் தாழ்ந்தது. நல்ல பசும்பால் இருபத்தெட்டுக்கு மேல் நிற்க வேண்டும். அவருடையது ஒருநாள் இருபத்தைந்து. மறுநாளும் அதே. மூன்றாம் நாள் இருபத்துநான்கு.

மூன்று முறை இருபத்தாறுக்குக் கீழே போனால் தண்ணீர் கலந்தவர் என்று கரும்பலகையில் பெயர் எழுதி, பாலைத் திருப்பி அனுப்புவது எங்கள் சங்கத்து விதி. விதியைக் கொண்டுவந்தவன் நான்தான்.

அன்று அவருக்குப் பின்னால் பதினொரு பேர் நின்றார்கள். ஒருவர் எங்கள் ஊர்க்காரர் அல்ல. நாகம்மாவின் மகளுக்கு மத்தூரில் ஒரு மாப்பிள்ளை பேசி, வெற்றிலை மாற்ற நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் எங்கள் ஊரில் ஒரு உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தார். அந்த உறவுக்காரர் பால் ஊற்ற வந்தபோது கூடவே வேடிக்கை பார்க்க வந்திருந்தார். அவர் யாரென்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாக்பீஸை எடுத்தேன். ஆள் பார்த்து எழுதாமல் விடுகிறவன் என்ற பெயர் எனக்கு வேண்டாம் என்று நினைத்தேன்.

"அண்ணா, கறந்த கையோட கொண்டாறேன். தண்ணி தொட எனக்கு நேரம் எங்க இருக்குது?" என்றார் நாகம்மா.

"நேரம் இருக்குதோ இல்லியோ, கண்ணாடி சொல்லுது."

வரிசையிலிருந்து திம்மப்பா குரல் கொடுத்தார். "ஊடும் பக்கத்துல, கெணறும் பக்கத்துல. அப்புறம் என்னா நேரம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நாகம்மா செம்பின்மேல் கையை வைத்தார். எங்கள் பக்கத்தில் பால்மேல் கை வைத்துப் பொய் சொல்ல யாருக்கும் துணிவு வராது. "மாரியம்மன் மேல ஆணையா சொல்றேண்ணா. என் மாட்டு மடியில இருந்து நேரா வந்த பாலு இது."

"மாரியம்மனுக்கு லாக்டோமீட்டர் பாக்கத் தெரியாது" என்றேன்.

அந்தப் பேச்சை நினைத்து அன்று முழுக்க எனக்குள் ஒரு மிதப்பு. மூட நம்பிக்கையைக் கருவி வென்றுவிட்டது என்று நினைத்தேன். கருவி வென்றதுமில்லை, அவர் சொன்னதில் மூடத்தனமும் இல்லை. மடியிலிருந்து நேராக வந்ததுதான் விஷயமே.

மத்தூர்க்காரர் மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார். "பால்ல தண்ணி ஊத்தற ஊட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்" என்று சொல்லியனுப்பினார்கள். சம்பந்தம் நின்றது.

அந்த மூன்றாம் நாள் பாலையும் வழக்கம்போல் இரண்டு சீசாவில் ஊற்றியிருந்தேன். யார் பால் என்று உங்களுக்குத் தெரியாது. மாலையில் உங்கள் சீட்டு வந்தது. உங்கள் எண் இருபத்தொன்பது.

உங்கள் கருவி கெட்டுவிட்டது என்று எழுதினேன். நீங்கள் வாதாடவில்லை. உங்கள் லாக்டோமீட்டரையே பஞ்சில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினீர்கள். ஒரே பாலில் இரண்டையும் மிதக்கவிட்டுப் பார்த்தேன். மயிரிழை பிசகாமல் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டின. அதை எழுதினேன். நான் எதையும் மறைக்கிறவன் இல்லை. உங்கள் பதில் வந்தது: "கருவிகள் இரண்டும் ஒன்று என்றால், வேறுபடுவது நாம் இருவரும்தான். இதுவரை எண் பிரிந்த சீசாக்கள் யார் யார் வீட்டுப் பால்? அந்த வீடுகள் கொட்டகையிலிருந்து எவ்வளவு தூரம்?"

தூரத்துக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று எரிச்சலோடு ஒரு பட்டியல் எழுதி அனுப்பினேன். எழுதும்போதே ஒன்று தெரிந்தது. பிரிந்தவை எல்லாம் பக்கத்து வீடுகள். இரண்டு மைல், மூன்று மைல் நடந்து வருகிறவர்களின் பாலில் நம் எண்கள் ஒட்டியே இருந்தன. பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் துணிச்சல் அதிகம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை மாலை வந்து என் வீட்டில் தங்கினீர்கள். மறுநாள் விடிந்ததும் நாகம்மாவின் வாசலில் போய் நின்றீர்கள். அவர் கதவைத் திறந்து, என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி சாத்தப் போனார்.

"அம்மா, ஒரு செம்பு பால் வேணும். உங்களைச் சோதிக்க இல்ல. எங்களைச் சோதிக்க" என்றீர்கள்.

உங்கள் கண் முன்னால் கறந்தார். செம்பை நீங்களே வாங்கிக்கொண்டு சாலையைத் தாண்டி வந்தீர்கள். நான் கண்ணாடியை இறக்கினேன். இருபத்துநான்கரை.

"இப்ப சொல்லுங்க ரீ. மாடே தண்ணி கலந்துடுச்சா?"

நான் விடவில்லை. "இந்தக் கருவி அறுபது டிகிரி பாரன்ஹீட்டுக்குச் செஞ்சது. புத்தகத்துல இருக்குது. சுவத்துல பாருங்க, அறுபத்திரெண்டு. எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்றேன்.

சுவரில் ஒரு வெப்பமானி தொங்கிக்கொண்டிருந்தது. கருவியோடு வந்ததுதான். ஓசூர் குளிர்ந்த ஊர். வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊர்போல இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு பங்களா கட்டிய ஊர். சீமைக் கருவிக்கு நம் ஊர் குளிரே போதும், மதராஸ்காரன்தான் சூட்டுக்குக் கணக்குப் போட்டுத் திருத்த வேண்டும் என்பது என் எண்ணம். தினமும் விடியற்காலையில் சுவரைப் பார்ப்பேன். அறுபதுக்குப் பக்கத்தில் இருந்தால் திருப்தியாக வேலையைத் தொடங்குவேன்.

நீங்கள் வெப்பமானியை ஆணியிலிருந்து கழற்றிச் செம்புக்குள் விட்டீர்கள். பாதரசம் மளமளவென்று ஏறித் தொண்ணூறைத் தாண்டி நின்றது.

"காய்ச்சக்காரர் இங்க இருக்கார். நீங்க சுவத்துக்கு ஜுரம் பாத்துக்கினு இருந்தீங்களா?"

செம்பைத் தொட்டில் குழந்தைபோலத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் வைத்தீர்கள். பால் ஆறும்வரை காத்திருந்து மறுபடி கண்ணாடியை இறக்கினோம். ஆறிய பிறகு இருபத்தொன்பது. சூடான பால் இளகி இருக்கும், அதில் கண்ணாடி தாழும். தூரத்திலிருந்து வருகிற பால் அந்தக் குளிரில் நடந்தே ஆறிவிடும். சாலையைத் தாண்டினால் கொட்டகை என்கிற பெண்ணின் பால் மடிச்சூட்டோடு என் முன்னால் வந்தது. பக்கத்தில் குடியிருந்ததற்குத்தான் அவரைத் திருடி என்று கரும்பலகையில் எழுதினேன்.

"எங்க சொன்னீங்களோ அங்கயே சொல்லுங்க ரீ" என்றீர்கள், பஸ் ஏறும்போது.

மறுநாள் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதுதான் என் கதை. "கருவியில் சிறு கோளாறு இருந்தது. சரிசெய்யப்பட்டுவிட்டது. நாகம்மாவின் பெயர் அழிக்கப்படுகிறது" என்றேன்.

நாகம்மா நின்று கேட்டார். "கண்ணாடி தானா நடந்துவந்து பலகையில எழுதிச்சாண்ணா?"

அடுத்த ஆள் செம்பை வாங்கினேன்.

அந்த வாரம் உங்கள் எண்ணுக்குக் கீழே ஒரு வரி இருந்தது: "யாருடைய தப்பு என்று சொன்னீர்கள்?" நான் "கருவியுடையது" என்று எழுதினேன். என்னிடம் அதற்கு நியாயம் இருந்தது. எட்டாவது படித்தவன் ஒருமுறை தவறு என்று சொல்லிவிட்டால், பிறகு அவன் சொல்கிற எந்த எண்ணுக்கு மதிப்பு? உங்களுக்குப் பின்னால் பட்டம் இருந்தது, தப்புச் செய்தேன் என்று சொல்ல உங்களுக்கு வசதி இருந்தது. எனக்கு அந்த வசதி இல்லை. இந்த நியாயத்தை உங்களுக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் ஒரே வரியில் உடைத்திருப்பீர்கள் என்று பயம்.

அதன் பிறகு உங்களிடமிருந்து எண்கள் மட்டுமே வந்தன. சீசா ஒருநாளும் நிற்கவில்லை. ஒரு 'நலம்' இல்லை, ஒரு கேலி இல்லை. நானும் எண்ணை மட்டும் அனுப்பினேன். மூன்று ஆண்டுகள். பிடிவாதத்தில் நான் பெரியவன் என்று ஊர் சொல்லும். அந்த மூன்று ஆண்டுகளைப் பார்த்தால் ஊர் உங்களைத்தான் சொல்லும். உங்கள்மேல் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஒருமுறை வந்து என்னைத் திட்டியிருக்கலாம்.

நாகம்மா பாலை நிறுத்தவில்லை. பால் ஆறின பிறகுதான் பார்ப்பது என்று புது விதி போட்டிருந்தேன். அதனால் முதலில் வருகிறவர் கடைசியில் போக வேண்டியதாயிற்று. "ஊடு பக்கத்துல இருக்கறதுக்கு இன்னும் எத்தினி நாளைக்கு தண்டனைண்ணா?" என்று கேட்பார். சிரித்துக்கொண்டேதான் கேட்பார். மகளைக் கோலாரில் ஒருவருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகும் அவர் எப்படிச் சிரித்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் உங்கள் எண் வரவில்லை. மறுநாளும் இல்லை. நாலாம் நாள் உங்கள் மனைவி கன்னடத்தில் எழுதிய தபால் அட்டை வந்தது. காய்ச்சல், இரண்டே நாள், நீங்கள் போய்விட்டீர்கள். கடைசியாக நான் அனுப்பிய சீசா அலமாரியில் இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். கொட்டிவிடச் சொல்லி எழுதினேன்.

அடுத்த நாள் விடியற்காலையில் வரிசைக்கு முன்னால் நின்றேன். "நாகம்மா பால்ல தண்ணி இருக்குதுன்னு முன்னாடி எழுதினேன். தண்ணி இல்ல. கண்ணாடி சரியாத்தான் இருந்துது. பாக்கத் தெரியாம பாத்தது நான். தப்பு என்னுது" என்றேன்.

வானம் இடிந்து விழவில்லை. வரிசையில் ஒருவர் தன் முன்னால் நின்றவரிடம், "எந்த நாகம்மா? எதுத்தூட்டு அக்காவா? அவங்க எப்ப தண்ணி கலந்தாங்க?" என்று கேட்டார். பாதிப் பேர் புதியவர்கள். அன்று கேட்ட பதினொரு பேரில் மூன்று பேர்தான் அங்கே இருந்தார்கள். நான் அழிக்க வந்த கறையை, அதைப் பார்த்தே இராதவர்களுக்கு எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

நாகம்மா செம்பைக் கீழே வைத்தார். "சொல்லிட்டீங்க, சரி. கேக்க வேண்டியவங்க இங்க யாருண்ணா இருக்காங்க?"

எனக்கு அப்போதுதான் உங்கள் வாக்கியம் முழுசாகப் புரிந்தது. எங்கே சொன்னேனோ அங்கே என்றால் அந்தக் கொட்டகை இல்லை. அந்தக் காதுகள்.

மீதி எட்டுப் பேரைத் தேடிப் போனேன். என் பிடிவாதம் ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது என்றால் அது இதற்குத்தான். ராயக்கோட்டையில் காய்கறி மண்டிக்குப் போய்விட்டவர் ஒருவர், கிருஷ்ணகிரியில் மகன் வீட்டில் இருந்தவர் ஒருவர். சிலர் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். ஒருவர், "இதைச் சொல்லவா பஸ் புடிச்சு வந்தே?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

மத்தூர்க்காரரைச் சந்தை நாளில் பிடித்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன். புளி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது மந்தமாகியிருந்தது.

"நாகம்மா பால்ல தண்ணி இல்ல" என்றேன்.

"என்னா? தண்ணி வேணுமா?"

"நாகம்மா! பால்ல! தண்ணி இல்ல!"

சந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"யாரு நாகம்மா?"

ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டவருக்கு அவள் அம்மாவின் பெயர் நினைவில் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் அவர் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஊர், கொட்டகை, வெற்றிலை மாற்றப் பார்த்த நாள், கரும்பலகை, சுவரில் தொங்கிய வெப்பமானி எல்லாவற்றையும் கத்திக் கத்திச் சொன்னேன். அவருக்கு நினைவு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வந்த பிறகு, முதலிலிருந்து மறுபடி ஒருமுறை சொன்னேன். அவர் வெகுநேரம் புளியைக் கையால் கிளறிக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொண்ணு நல்லா இருக்குதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அது உண்மை.

ஊர் திரும்பி நாகம்மாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "உக்காருங்கண்ணா" என்றார். மோர் கொடுத்தார். அவ்வளவுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கீழே பாரதி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறாள். அவள் எண் மற்றவர்களுடையதிலிருந்து விலகி நின்றால் அந்த நாட்டிலிருந்து ஒரு தாள் வரும். ஏன் விலகியது என்று இவள் ஆராய்ந்து எழுதி அனுப்ப வேண்டுமாம். அந்தக் கட்டத்தில் நான் 'கருவி' என்று எழுதியவன். அவள் என்ன எழுதுவாள் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் மாமா தொந்தரவு செய்கிறார் என்பாள்.

எட்டுப் பேரில் ஆறு பேரிடம்தான் நேரில் சொல்ல முடிந்தது. இரண்டு பேர் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். ஒருவர் முனுசாமி. மற்றவர், கிணறும் பக்கத்தில் என்று கேலி செய்த அந்தத் திம்மப்பா. இருவரும் நான் சொன்ன கருவிக் கோளாறை நம்பாமல், நாகம்மா பாலில் தண்ணீர் கலந்தவள் என்று நினைத்துக்கொண்டே போனார்கள். இத்தனை ஆண்டுகளாக நான் சுமப்பது அந்த இரண்டு பேரைத்தான். இறந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள் என்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது, உங்களுக்கும் தெரியும். ஆனாலும் நீங்கள் இருக்கிற இடத்தில் அவர்களைப் பார்த்தால் சொல்லிவிடுங்கள். கருவியின்மேல் போடாதீர்கள். என் பெயரைச் சொல்லியே சொல்லுங்கள்.